மச்சத்தை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்

நம் உடம்பின் ஒரு செல் இரண்டாகப் பிரியும் முன், மரபணுக்களைத் தாங்கும் தன் 46 குரோமோசோம்களையும் நகல் எடுக்கிறது. நகலில் பிழை இருந்தால் பிரிவதை நிறுத்திச் சரிசெய்யப் பார்க்கும். முடியாவிட்டால் தன்னையே அழித்துக்கொள்ளும். இந்தக் காவல் வேலையில் பி53 என்ற புரதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மனிதருக்கு வரும் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இதற்கான மரபணு பழுதாகியிருக்கிறது.

மச்சமும் செல் பிரிவு விட்டுச்சென்ற தடம்தான். நிறமி செல்கள் ஓரிடத்தில் பெருகி, அப்புறம் நின்றுவிட்டன. அப்படியே நின்றிருந்தால் பயமில்லை. நிறமி செல்கள் நிற்காமல் பெருகுவதுதான் மெலனோமா என்ற தோல் புற்றுநோய்.

மாதம் ஒருமுறை, குளித்து முடித்ததும் நல்ல வெளிச்சத்தில் உடம்பைப் பாருங்கள். சந்தேகமான மச்சத்தின் அருகே ஸ்கேல் வைத்து போனில் போட்டோ எடுங்கள். நம் ஞாபகத்தை நம்புவதைவிட இது எவ்வளவோ மேல். ஒரு பாதி மறுபாதி போல இல்லையா, ஓரம் பிசிறடிக்கிறதா, பல நிறம் கலந்திருக்கிறதா, 6 மில்லிமீட்டரைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். இவை எல்லாவற்றையும்விட, போன மாதப் படத்திலிருந்து மாறியிருக்கிறதா என்பதே முக்கியம். புதிதாக வந்த கரும்புள்ளியையும் விடாதீர்கள். மெலனோமா பெரும்பாலும் பழைய மச்சத்தில் வருவதில்லை.

கருமையான தோல் உள்ளவர்கள் உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தடியைக் கட்டாயம் பார்க்க வேண்டும். நகத்தில் புதிதாக ஒரு கருங்கோடு, மச்சத்தில் அரிப்பு, ரத்தக்கசிவு, எதுவானாலும் தள்ளிப்போடாமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் சின்ன அறுவை சிகிச்சையிலேயே பெரும்பாலும் குணமாகிவிடும்.