அமெரிக்க லோ ஸ்கூல் முதல் வருடம்: செக்‌ஷனும் கேர்வும், ஒரு ரியூசன் மாஸ்டரின் கணக்கில்

போன தை மாதம் ஒரு காலை ஏழரை மணிக்கு, திருகோணமலை உவர்மலையில் ரியூசன் கொட்டிலைத் திறந்து கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நியூ ஜேர்சியில் இருக்கும் அக்காவின் மகள், லோ ஸ்கூல் முதல் வருடத்தில் இருந்த என் மருமகள், வாட்ஸ்அப்பில் எடுத்தாள். அங்கே இரவு ஒன்பது மணி. "மாமா, கொன்ட்ராக்ட்ஸுக்கு பி தான் வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கிவிட்டாள். பின்னால் அக்காவின் குரல்: "எத்தனை மார்க்ஸ் எண்டு கேளடா, இவள் எனக்குச் சொல்லுறாள் இல்லை." அவள் ஒளிக்கவில்லை. அவளுக்கே தெரியாது. அங்கே முடிவுப் பட்டியலில் மார்க்ஸ் வராது, எழுத்து மட்டும்தான் வரும்.

அன்றைக்குப் பின்னேரம் அவள் அனுப்பிய மாணவர் கையேட்டை உட்கார்ந்து வாசித்தேன். எனக்குச் சட்டம் தெரியாது, கணக்குத் தெரியும். இந்த விஷயத்துக்கு அதுவே காணும் என்று வாசித்து முடித்தபோதுதான் விளங்கியது. உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை அங்கே லோ ஸ்கூல் போகிறது, அல்லது போக நினைக்கிறது என்றால் இதைப் படியுங்கள். (சட்டக் கல்லூரி என்று எழுதினால் எங்கள் ஆட்களுக்குக் கொழும்பு புதுக்கடைதான் நினைவுக்கு வரும், அதனால் லோ ஸ்கூல் என்றே எழுதுகிறேன். இங்கே ஏ.எல். முடித்த கையோடு சட்டத்துக்குப் போகலாம். அங்கே முதலில் ஒரு பட்டம் எடுத்துவிட்டுத்தான் ஜேடி என்ற மூன்று வருடச் சட்டப் பட்டத்துக்குப் போக வேண்டும்.)

முதலில் கேட்க வேண்டியது: எந்த செக்‌ஷன்?

முதல் வருடத்துக்கு வருகிறவர்களைக் கூறு கூறாகப் பிரித்துவிடுவார்கள். ஹார்வர்டில் ஏறக்குறைய 560 பேரை எண்பது எண்பதாக ஏழு செக்‌ஷன். ஏழு என்றதும் எனக்கு எங்கள் கன்னியா வெந்நீர்க் கிணறுகள்தான் ஞாபகம் வந்தது. ஏழு கிணறும் பக்கத்துப் பக்கத்தில்தான், ஆனால் வாளியால் அள்ளி ஊற்றினால் ஒவ்வொன்றிலும் சூடு வேறு. செக்‌ஷனும் அப்படித்தான். ஒரே பாடம்தான், ஆனால் விரிவுரையாளர் வேறு, வினாத்தாள் வேறு, திருத்தும் கையும் வேறு. கொன்ட்ராக்ட்ஸ் (ஒப்பந்தச் சட்டம்), டோர்ட்ஸ் (ஒருவர் செய்த தீங்குக்கு நட்டஈடு கேட்கும் சட்டம்), சொத்துச் சட்டம், சிவில் நடைமுறை, குற்றவியல் சட்டம் என்று கட்டாயப் பாடங்கள் எல்லாவற்றுக்கும் அதே எண்பது முகங்கள்தான். எதையும் பிள்ளை தெரிவுசெய்ய முடியாது. சட்ட எழுத்து வகுப்புக்கு மட்டும் அந்த எண்பதை இன்னும் சிறு குழுக்களாக உடைப்பார்கள். யேல் சின்ன இடம், மொத்தமே ஏறக்குறைய இருநூறு பேர். அங்கே முதல் தவணையில் ஒரு பாடத்தைப் பதினைந்து இருபது பேர் கொண்ட குழுவிலேயே படிப்பிக்கிறார்கள்.

செக்‌ஷன் பெயரைக் கேட்பதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு பாடத்துக்கும் யார் விரிவுரையாளர், அவர் இதற்கு முன் வைத்த சோதனைத் தாள்கள் நூலகத்தில் இருக்கின்றனவா என்பதையும் முதல் கிழமையே பார்த்துவைக்கச் சொல்லுங்கள். எங்கள் பிள்ளைகளுக்குப் பாஸ்ட் பேப்பர் செய்யச் சொல்லித்தர வேண்டியதில்லை, ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசிலில் இருந்தே செய்து பழகியவர்கள். ஆனால் அங்கே போனதும் ஏனோ அதை மறந்து, தடித்த வழக்குப் புத்தகத்தை வரி வரியாகக் கோடு போட்டுக்கொண்டு இருக்கிறார்கள். என் மருமகளும் அதைத்தான் செய்தாள்.

அடுத்தது கேர்வ்

இதற்கு இசட் ஸ்கோரை நினைத்துக்கொள்ளுங்கள். 2001 முதல் எங்கள் கம்பஸ் அனுமதிக்கு அதுதான். எடுத்த மார்க்ஸில் இருந்து சராசரியைக் கழித்து, நியம விலகலால் பிரிக்கிறோம். எழுபது எடுத்தாய் என்பதில் ஒன்றும் இல்லை, மற்றவர்கள் எத்தனை எடுத்தார்கள் என்பதில்தான் எல்லாம். கேர்வும் அதே சாதிதான். விரிவுரையாளர் முதலில் தன் கணக்குக்கு மார்க்ஸ் போடுவார், வரிசைப்படுத்துவார், பிறகு வகுப்பின் சராசரி இவ்வளவுதான் இருக்கலாம் என்ற வரம்புக்குள் அடங்கும்படி எழுத்துகளைப் பிரித்துக் கொடுப்பார். பல பெரிய இடங்களில் அந்தச் சராசரி பி பிளஸ் பக்கம், அதாவது ஏ க்கு 4, பி க்கு 3 என்று எண்ணும் கணக்கில் 3.3 அளவில். சில இடங்களில் 3.0, இன்னும் கீழேயும் உண்டு. எல்லாரும் கெட்டிக்காரராக இருந்தாலும் எல்லாருக்கும் ஏ கிடையாது.

பேர்க்லியில் முதல் வருடத்துக்கு எழுத்தே வேறு. மேலே உள்ள 10 வீதத்துக்கு உயர் சிறப்பு, அடுத்த 30 வீதத்துக்குச் சிறப்பு, மீதி 60 வீதத்துக்கு வெறும் சித்தி. எண்பது பேர் வகுப்பு என்று வைத்துக்கொண்டால் 8, 24, 48. நாற்பத்தெட்டுப் பேர் வீட்டுக்கு போன் எடுத்து "பாஸ்" என்று மட்டும் சொல்லப்போகிறார்கள். அதைக் கேட்டு இங்கே அம்மம்மா கோணேசருக்கு நேர்த்தி வைக்கத் தேவையில்லை.

இசட் ஸ்கோருக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதுதான் முக்கியம். இசட் ஸ்கோருக்கான சராசரி முழு இலங்கைக்கும் ஒன்று. கேர்வ் அந்த ஒரு கிணற்றுக்குள்ளேயே போடப்படுகிறது. மாவட்ட அடிப்படை மாதிரி என்று சொன்னால் திருகோணமலை ஆட்களுக்குச் சட்டென்று பிடிபடும். கம்பஸ் அனுமதியில் திறமை அடிப்படையில் 40 வீதம், மாவட்டத்துக்கு 55, பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக 5 என்ற பங்கீட்டில், நாங்கள் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கிறோம். இங்கே ஒரு பிள்ளையின் வெட்டுப்புள்ளியைத் தீர்மானிப்பது அநேகமாகத் திருகோணமலைப் பிள்ளைகள்தான், கொழும்புப் பிள்ளை அல்ல. அங்கேயும் உன் எழுத்தைத் தீர்மானிப்பது பக்கத்து செக்‌ஷன்காரன் அல்ல, உன்னோடு இருக்கும் அந்த எழுபத்தொன்பது பேர். ஒரு செக்‌ஷனில் சராசரி 90 ஆக இருக்க 104 எடுத்தவன் ஏ மைனஸ் வாங்குவான், இன்னொன்றில் சராசரி 120 ஆக இருக்க 118 எடுத்தவளுக்கு பி பிளஸ் கிடைத்தாலே பெரிய காரியம். மார்க்ஸை வெளியில் சொல்லாமல் இருப்பதும் ஒருவகையில் நல்லதுதான்.

அதனால் கையேட்டில் இவற்றைத் தேடுங்கள். கேர்வ் கட்டாயமா, பரிந்துரை மட்டுமா? சராசரியைக் கட்டுகிறார்களா, ஏ எத்தனை வீதம் என்று பங்கீட்டையே கட்டுகிறார்களா? கீழே கட்டாயம் சி கொடுக்க வேண்டும் என்று இருக்கிறதா? சட்ட எழுத்து வகுப்புக்கும் அதே கேர்வா? ஒவ்வொரு இடத்திலும் வேறு வேறு. சிக்காகோவில் 155 இலிருந்து 186 வரை எண்ணாகவே கொடுக்கிறார்கள், 177 நடு. ஸ்டான்போர்டும் ஹார்வர்டும் 2008 இல் பழைய எழுத்துகளைக் கைவிடத் தீர்மானித்தன. யேலில் முதல் தவணைக்குத் தரமே இல்லை. லொஸ் ஏஞ்சலிஸில் லொயோலா லோ ஸ்கூல் 2010 இல் பழைய மாணவர்களுக்கும் சேர்த்து எல்லாருடைய தரத்திலும் 0.333 ஐக் கூட்டிவிட்டது, மற்ற இடங்களோடு ஒப்பிடும்போது தங்கள் பிள்ளைகள் வேலை தேடுவதில் பின்னுக்கு நிற்கிறார்கள் என்று. கிணற்றுக்குள்ளே எல்லாரையும் ஒரே அளவு உயர்த்தினால் வரிசை மாறாது. வெளியில் இருந்து பார்க்கிறவனுக்குத்தான் அது வித்தியாசம்.

புலமைப்பரிசில் கடிதம்

இந்த இடத்தைத் தயவுசெய்து வேகமாகத் தாண்டாதீர்கள். சில இடங்களில் "3.0 க்கு மேல் வைத்திருந்தால் தொடரும்" அல்லது "மேல் மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் தொடரும்" என்ற நிபந்தனையோடு காசு தருவார்கள். 3.0 தானே, எங்கள் பிள்ளை சுகமாக எடுக்கும் என்று நினைப்போம். வகுப்பின் கட்டாயச் சராசரி 2.8 என்றால்? கரும்பலகைக் கணக்காகவே போட்டுப் பாருங்கள்: எண்பது பேரில் ஐம்பது பேருக்குக் கொடுத்துவிட்டு, மேல் மூன்றில் ஒரு பங்கு என்று நிபந்தனை வைத்தால், உள்ளே இருப்பது இருபத்தாறு கதிரை. ஐம்பது பேரும் இரவு பகலாகப் படித்தாலும் குறைந்தது இருபத்துநாலு பேருக்குக் காசு போகும். அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் விதி 509 இன்படி, நிபந்தனை வைத்துக் கொடுக்கும் ஒவ்வொரு லோ ஸ்கூலும் எத்தனை பேருக்குக் கொடுத்தது, எத்தனை பேருக்குக் குறைத்தது அல்லது நிறுத்தியது என்று வெளியிட வேண்டும். இடத்தை ஒப்புக்கொள்ளும் முன் அந்தத் தாளைப் பாருங்கள். நிபந்தனையை நீக்கித் தரச் சொல்லிக் கேட்கவும் செய்யலாம், கேட்டதற்காக யாரும் இடத்தைப் பறிக்கப்போவதில்லை. என் மருமகள் சேர்ந்த இடத்தில் இந்த நிபந்தனை இரண்டாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது, வீட்டில் ஒருவரும் வாசிக்கவில்லை. நானும்தான்.

படிப்பது எப்படி

பெரும்பாலான பாடங்களுக்குத் தவணை முடிவில் மூன்று நான்கு மணித்தியாலச் சோதனை ஒன்றுதான், அநேகமாக முழுத் தரமும் அதில். வகுப்பில் திடீரென்று எழுப்பிக் கேள்வி கேட்பார்கள். ஹார்வர்டில் 1870 இல் லாங்டெல் டீனாக வந்து தொடக்கிவைத்த முறை அது. முழுசினால் வெட்கமாகத்தான் இருக்கும், ஆனால் தரம் அங்கே இல்லை. விடைத்தாளில் பெயரும் இல்லை, எங்கள் சுட்டெண் மாதிரி ஓர் எண்தான். சில விரிவுரையாளர்கள் வகுப்பில் கதைப்பதற்குக் கொஞ்சம் கூட்டிப் போடுவார்கள், அதை முதலே கேட்டு அறியலாம்.

சோதனையில் ஒரு நீண்ட கதை வரும். ஒருவன் வேலியை இடிக்கிறான், நாய் கடிக்கிறது, ஒப்பந்தம் முறிகிறது, இப்படி. அதற்குள் எத்தனை பிரச்சினை ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, ஒவ்வொன்றுக்கும் விதியைச் சொல்லி, கதையோடு பொருத்தி, முடிவு எழுத வேண்டும். வழக்குகளை மனப்பாடம் செய்தவள் மூன்று பிரச்சினை எழுதும்போது பக்கத்தில் இருந்தவன் ஒன்பது எழுதினால் கேர்வில் எங்கே நிற்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆறாம் ஏழாம் கிழமையில் இருந்தே பாடத்தைத் தன் கையால் சுருக்கி எழுதி, பழைய தாளை மணிக்கூடு வைத்துச் செய்ய வேண்டும். நாலைந்து பேர் சேர்ந்து படிக்கலாமா என்று மருமகள் கேட்டாள், அவர்களும் அதே கேர்வில் இருக்கிறவர்கள்தானே என்று. எண்பதில் நாலு பேரோடு பகிர்ந்தால் வரும் நட்டம் மிகக் குறைவு, அவர்கள் கண்டுபிடித்த பிரச்சினைகள் உனக்குக் கிடைக்கும் லாபம் பெரிது. சேர் என்றேன்.

முடிவு வந்த பிறகு விரிவுரையாளரிடம் நேரம் எடுத்து விடைத்தாளைப் பார்க்க வேண்டும். தரத்தை மாற்றமாட்டார்கள், அதற்காகப் போவதும் இல்லை. மருமகள் போனாள். நாய்க் கடியை முழுதாக விட்டிருந்தாள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. எத்தனை மார்க்ஸ் என்று கேட்டால் பிள்ளையால் பதில் சொல்ல முடியாது. எங்கள் அம்மாமார் ரிப்போர்ட் வந்ததும் "எத்தனையாம் பிள்ளை?" என்று கேட்பார்களே, அந்தப் பழைய கேள்விதான் இதற்குச் சரி. ஆனால் அதையும் தை மாதத்தில் கேட்காதீர்கள்: பல இடங்களில் வரிசை வருடம் முடிந்துதான் போடுவார்கள், சில இடங்களில் போடுவதே இல்லை. அக்காவுக்கு இதை மூன்று தரம் சொல்லிவிட்டேன். "சரி சரி, அப்ப அந்த எண்பதில அவள் எத்தனையாம் ஆள்?" என்கிறாள்.