கேட்டமரானுக்கு வளைந்த டாகர்போர்டு: கூட்டுக்குள் சிக்காமல் செய்வது எப்படி?

வளைந்த டாகர்போர்டில் (படகிலிருந்து நீருக்குள் இறக்கும் பலகை) முதல் ஜோடியைச் செய்து, மெருகேற்றி, ஆசையாய்ப் படகில் அது நுழையும் கூட்டுக்குள் இறக்கினேன். பாதி தூரம் வெண்ணெய் மாதிரி வழுக்கிப் போனது. அப்புறம் நின்றுவிட்டது. இழுத்தாலும் வரவில்லை, தட்டினாலும் போகவில்லை. காரணம் தெரிய மூன்று வாரம் ஆயிற்று. ஆகவே மற்றதை வேகமாகச் சொல்லிவிட்டு அந்த ஒரு இடத்தில் மட்டும் நிற்கப்போகிறேன். எபாக்சிப் பசை கலக்கவும் இழைப்புளி பிடிக்கவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

எதற்கு வளைவு?

பாய் படகைப் பக்கவாட்டில் தள்ளும். டாகர்போர்டு அதை எதிர்த்து நிற்கும். நேர்ப் பலகையில் அந்த எதிர்விசை படுக்கைவாட்டில் மட்டும் இருக்கும். நுனி படகின் நடுவை நோக்கி வளைந்திருந்தால், காற்று மறைந்த பக்கத்து ஹல்லில் (கேட்டமரானின் இரண்டு மிதக்கும் உடல்களில் ஒன்று) அதோடு கொஞ்சம் தூக்குவிசையும் சேர்ந்து கிடைக்கும். நீருக்குள் இருக்கும் பகுதி சராசரியாக 25 டிகிரி சாய்ந்திருந்து பக்கவிசை 100 கிலோ என்றால், தூக்கு சுமார் 47 கிலோ. ஹல் அவ்வளவு பாரம் குறைந்த மாதிரி மிதக்கும்.

2016 ரியோ ஒலிம்பிக்கில் ஓடிய நாக்ரா 17 என்ற பந்தயக் கேட்டமரான்களில் வளைந்த பலகைதான் இருந்தது. அடுத்த ஒலிம்பிக்குக்குள் படகே நீரை விட்டு எழும் ஃபாயிலுக்கு மாறிவிட்டார்கள். அந்தப் படகு வகுப்பில் (ஒரே வகைப் படகுகள் போட்டியிடும் பிரிவு) வீட்டில் செய்த பலகைக்கு இடமில்லை. உங்கள் வகுப்பு விதியைப் படித்துவிட்டு மரத்தில் கை வையுங்கள்.

(கேட்டமரான் என்ற சொல் நம் கட்டுமரத்திலிருந்து போனது. ஆனால் கட்டுமரத்துக்கு ஹல்லே கிடையாது. அது தனிக் கதை.)

படி 1: அளவு

என் பலகை வளைவோடு அளந்தால் 1500 மி.மீ. நீளம், 200 மி.மீ. அகலம், 1500 மி.மீ. ஆரம். கூட்டுக்குள் போகும் பகுதி முழுக்க ஒரே ஆரம்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வழுக்காது. குறுக்குவெட்டுக்கு நான் நாக்கா 63-412 என்ற இறக்கை வடிவம் தவிர வேறெதையும் பரிந்துரைக்க மாட்டேன். கடைசி 12 என்றால் தடிமன் அகலத்தில் 12 சதவீதம், அதாவது 24 மி.மீ. அதிகம் புடைத்த பக்கம் வளைவின் உட்புறம் வர வேண்டும். தூக்குவிசை அந்தப் பக்கம்தான் இழுக்கிறது.

படி 2: அச்சு

ப்ளைவுட் விலா எலும்புகளை நிறுத்தி மேலே மெல்லிய ப்ளைவுட் போர்த்தினால் போதும். இதன்மேல் மெல்லிய மரப் பட்டைகளை வளைத்து ஒட்டித்தான் பலகை உருவாகிறது. ஆனால் ஒட்டிய பட்டைகள் அச்சைவிட்டு எடுத்ததும் கொஞ்சம் நிமிரும். 5 பட்டை என்றால் தோராயமாக 25-ல் ஒரு பங்கு. இரு முனைக்கும் நூல் கட்டிப் பார்த்தால் நடுவில் எனக்கு 184 மி.மீ. ஆழம் வேண்டும், அச்சில் 191 வைத்தேன், வெளியே எடுத்தபோது 185.

படி 3: ஒட்டுவது (இங்கேதான் சறுக்கினேன்)

5 மி.மீ. தடிமனில் ஐந்து சிடார் பட்டைகள், நடுவே எபாக்சி, மேலே கிளாம்ப். சுலபமாகத் தெரிகிறதல்லவா? கிளாம்ப் இறுக இறுக ஈர எபாக்சியின் மீது பட்டை அடுக்கு மொத்தமாக வழுக்கும். எனக்கு ஒரு முனை 20 மி.மீ. ஓரமாக நகர்ந்திருந்தது. கவனிக்கவில்லை. காய்ந்தபின் அடுக்கின் ஓரத்தையே ஆதாரமாக வைத்து நடுக்கோடு போட்டு, அதன்படி இழைத்துவிட்டேன்.

ஒரு பாட்டிலில் காகிதப் பட்டையை நேராகச் சுற்றினால் வளையம். சற்றே சாய்த்துச் சுற்றினால் திருகாணி. நான் செய்தது திருகாணி. 1500 மி.மீ. நீளத்தில் 20 மி.மீ. சாய்வு என்றால் முனைக்கு முனை முக்கால் டிகிரி முறுக்கு, 200 மி.மீ. அகலத்தில் ஏறக்குறைய 2.7 மி.மீ. கூட்டில் பக்கத்துக்கு 1.5 மி.மீ. இடைவெளிதான் விட்டிருந்தேன். வளைவை எத்தனை முறை அளந்தாலும் சரியாகவே வந்தது. பிழை வளைவில் இல்லையே!

கடைசியில் தச்சர்களின் பழைய வித்தைதான் கைகொடுத்தது. நேரான இரண்டு 600 மி.மீ. குச்சிகளைப் பலகையின் இரு முனையிலும் குறுக்கே வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு முன்குச்சியின் மேல்விளிம்பு வழியாகப் பின்குச்சியைப் பார்த்தேன். ஒரு பக்கம் 8 மி.மீ. தூக்கிக்கொண்டு நின்றது.

இப்போது செய்வது இதுதான். அச்சில் முதலிலேயே நடுக்கோடு போடுகிறேன். நீளத்தின் நடுவில், ஐந்து பட்டையும் கோத்து நிற்க ஒரே ஒரு மரமுளை. இரு முனையிலும் பக்கவாட்டுத் தடுப்புக் கட்டைகள். முளையை முனைகளிலும் அடிக்காதீர்கள். வளையும்போது பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று நகர வேண்டும், நகர விடாவிட்டால் நடுவில் புடைத்துக்கொள்ளும். காய்ந்ததும், அச்சிலிருந்து எடுப்பதற்கு முன்பே, அச்சின் நடுக்கோட்டைப் பலகைக்கு மாற்றுங்கள். அடுக்கு கொஞ்சம் நகர்ந்திருந்தாலும் கோடு சரியாக இருக்கும். அகலத்தில் 20 மி.மீ. கூடுதலாக வைத்திருந்தால் தப்பித்துவிடலாம்.

படி 4: இழைப்பது

குறுக்குவெட்டு வடிவில் வெட்டிய டெம்ப்ளேட்டை வளைவுக்குச் செங்குத்தாகப் பிடியுங்கள், தரைக்குச் செங்குத்தாக அல்ல. மேலே ஒட்டும் கார்பன் தோல் எனக்குப் பக்கத்துக்கு 1.2 மி.மீ. வந்தது, அந்த அளவைக் கழித்தே மரத்தை இழைக்க வேண்டும். மின் இழைப்புளி பக்கமே போகாதீர்கள். சிடார் அவ்வளவு மென்மை, கண் சிமிட்டுவதற்குள் பள்ளம் விழும். கூரான கை இழைப்புளி, நீளக் கட்டையில் ஒட்டிய உப்புத்தாள், அவ்வளவே.

படி 5: கார்பன்

ஒவ்வொரு பக்கமும் நீளவாக்கில் ஒருதிசைக் கார்பன் துணி (இழைகள் எல்லாம் ஒரே திசையில் ஓடும்) மூன்று அடுக்கு, அதன்மேல் 45 டிகிரியில் ஒன்று. பலகை ஹல்லை விட்டு வெளியே வரும் இடத்தில்தான் முறியும். அடுக்குகள் எல்லாம் அங்கே ஒரே கோட்டில் முடியக் கூடாது. அடுக்குகளை அழுத்திப் பிடிக்கும் வேக்குவம் பையை (காற்றை உறிஞ்சி எடுக்கும் பை) எபாக்சி இல்லாமல் ஒருமுறை கட்டிப் பம்பை நிறுத்திப் பாருங்கள். முள் இறங்கினால் எங்கோ கசிவு. ரோலர், தூரிகை இரண்டையும் ஓரம் கட்டிவிட்டு எபாக்சியைத் தேய்த்துப் பரப்ப ரப்பர் ஸ்க்வீஜி வாங்குங்கள். கார்பன் தூசிக்கு முகமூடி கட்டாயம்.

படி 6: கூடு

பழைய கூட்டை நம்பாமல் பலகை மேலேயே புதிதாக வார்த்துவிடுவது என் வழி. 1.5 மி.மீ. ஃபோம் தாள், மேலே பேக்கிங் டேப், மெழுகு மூன்று பூச்சு, பிறகு கண்ணாடி இழை. காய்ந்ததும் பலகையை வளைவின் போக்கிலேயே உருவ வேண்டும். நேராக இழுத்தால் வராது, எனக்கும் வரவில்லை.

பிற்சேர்க்கை 1: பின்னூட்டத்தில் ஒரு நண்பர், ஒரே அச்சில் செய்த இரண்டு பலகையும் இடது ஹல்லுக்கே பொருந்துவதாகப் புலம்பியிருந்தார். அச்சு பொதுதான், ஆனால் முன்விளிம்பு எது என்பதில் இடம், வலம் பிறக்கிறது. இழைப்பதற்கு முன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முன்பக்கம் நோக்கி அம்புக்குறி போடுங்கள்.

பிற்சேர்க்கை 2: வேகம் எடுத்ததும் பலகை ரீங்காரமிடுகிறது என்று இருவர் கேட்டிருந்தார்கள். பின்விளிம்பை உருட்டியிருப்பீர்கள். 1 மி.மீ. தடிமனில் சதுரமாக வெட்டிவிடுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் ஒரு பக்கம் மட்டும் லேசாகச் சரிவாகத் தேயுங்கள். என்னுடையது இரண்டாவது தேய்ப்பில் அடங்கியது.