புது சீரியல் தேறுமா? பார்த்துக் கண்டுபிடிக்கும் விதம்

புரமோவை வைத்து முடிவு செய்யாதீர்கள். அதில் அறையும் அழுகையும்தான் வரும். முதல் எபிசோடிலும் காசைக் கொட்டியிருப்பார்கள். நான்காவது, ஐந்தாவது எபிசோடில்தான் வண்டவாளம் தெரியும்.

முதலில் டிவியில் பிக்சர் மோடை 'சினிமா'வுக்கு மாற்றி, அசைவுகளைச் செயற்கையாக வழவழப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங்கை அணையுங்கள். அது ஓடினால் அருமையான ஒளிப்பதிவும் மேடை நாடகம் போலத் தட்டையாகிவிடும்.

பிறகு இரண்டு நிமிடம் மியூட். ஒரே முகத்தை மூன்று தடவை ஜூம் செய்தால் சேனலை மாற்றிவிடலாம். நல்ல இயக்குநர் கைகளுக்கு வேலை கொடுப்பார். மதுரை மல்லி கட்டும் மருமகள், வாழைநாரைச் சுண்டி முடிச்சுப் போட்டபடியே மாமியாருக்குப் பதில் சொல்கிறாள்; நார் பட்டென்று அறுகிறது. வசனமே வேண்டாம், கோபம் புரிந்துவிடும். இப்படி ஒரு காட்சி கிடைத்தால் விடாதீர்கள்.

அடுத்து கண்ணை மூடிக் கேளுங்கள். சமையலறையும் தெருவும் ஒரே மாதிரி ஒலித்தால் டப்பிங்கில் அக்கறை இல்லை. மதுரைக் கதையில் 'அங்கிட்டு', 'எங்கிட்டு' இயல்பாக விழ வேண்டும். வரிக்கு வரி திணித்தால் அது வேஷம்.

மணிக்கு 12 நிமிடம் வரை விளம்பரத்துக்கு அனுமதி உண்டு. அரை மணி நேரத்தில் மிஞ்சும் கதையிலும் 5 நிமிடத்தை முன்கதைச் சுருக்கம் தின்றால், எழுத்தில் சரக்கில்லை.

ரேட்டிங் சரிந்தால் நல்ல சீரியலையும் நேரம் மாற்றிவிடுவார்கள். சேனலின் ஆப்பில் பெயரைச் சேமித்து வையுங்கள்.