சபையில் பேஸ் கிட்டார்: முதல் ஞாயிறுக்கு முன் கைவர வேண்டியவை

குன்னூரில் எங்கள் கிறிஸ்தவ சபையில் கிட்டார்காரர்கள் மூன்று பேர், பேஸ் வாசிக்க ஒருவரும் இல்லை. மூவரில் சுமாராக வாசித்தவன் நான் என்பதால் பேஸ் என் கைக்கு வந்தது. "நாலு கம்பிதானே தம்பி, பாத்துக்கலாம்" என்றார் கொயர் மாஸ்டர். உங்களையும் யாராவது அப்படி உட்கார வைத்திருந்தால் இது உங்களுக்குத்தான்.

1. கருவியும் ஸ்ருதியும்

நான்கு கம்பி பேஸ் போதும், ஐந்து கம்பிக்கு அவசரமில்லை. வழக்கமான பேஸில் கம்பியின் நீளம் 34 அங்குலம். பள்ளிப் பிள்ளைகளுக்கு 30 அங்குலமுள்ள, 'ஷார்ட் ஸ்கேல்' என்னும் குட்டைப் பேஸ் எட்டும். தடித்த கம்பியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி. கிட்டாரின் தடித்த நான்கு கம்பிகளின் அதே பெயர்கள்தான், ஒரு ஸ்தாயி கீழே.

மலையில் ஒரு சங்கடம் உண்டு. டிசம்பர், ஜனவரி காலைக் குளிரில் கம்பி சுருங்கி ஸ்ருதி ஏறியிருக்கும். ஆலயம் நிறைந்து சூடு ஏறியதும் கம்பி தளர்ந்து ஸ்ருதி இறங்கும். அதனால் அரைமணி முன்பே போய், உறையிலிருந்து எடுத்து வைத்து, பிறகு ட்யூன் செய்யுங்கள். அறிவிப்பு வாசிக்கும் நேரத்தில் சத்தத்தை அடைத்துவிட்டு இன்னொரு முறை சரிபாருங்கள்.

2. இரண்டு கைகள்

வலது கைக் கட்டைவிரலை பிக்கப் (கம்பிகளுக்கு அடியில் ஒலியை வாங்கும் கட்டை) மேல் ஊன்றி, ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டையும் மாற்றி மாற்றி மீட்டுங்கள். மெட்ரோனோமை (சீராகத் தட்டிக் காட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, வெறும் கம்பியில் 'தகதிமி' சொல்லிக்கொண்டே பத்து நிமிடம். இடது விரல் ஃப்ரெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) சற்றுப் பின்னால் அழுத்த வேண்டும். ஒலியை நிறுத்த விரலை முழுதாக எடுக்காமல் லேசாகத் தளர்த்தினால் போதும். கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) மாறும்போது பழைய ஸ்வரம் தொங்கிக்கொண்டிருந்தால் மொத்தப் பாட்டும் சேறாகிவிடும்.

3. ஒரே ஒரு வடிவம்

ஈ கம்பியில் 3-வது ஃப்ரெட் ஜி. அதை 'ச' என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கம்பியான ஏ-யில் அதே 3-வது ஃப்ரெட் 'ம' (சி), 5-வது 'ப' (டி), 7-வது 'த' (ஈ, ஈ மைனர் கார்டின் வேர் ஸ்வரம்). நம் ஆராதனைப் பாடல்களில் நிறைய இந்த நான்கிலேயே ஓடிவிடும். 'ரி'யை வேராகக் கொண்ட ஏ மைனர் கார்டு வந்தால் ஈ கம்பியில் 5-வது ஃப்ரெட்.

ஸ்வரப் பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட இந்த வடிவம் கையில் படிவது முக்கியம். வடிவத்தை இரண்டு ஃப்ரெட் மேலே தள்ளினால் ஸ்கேல் (பாட்டின் 'ச' நிற்கும் இடம்) ஏ, இரண்டு கீழே இறக்கினால் எஃப். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது அடுத்ததில் தெரியும்.

4. ஸ்கேலைப் பிடிப்பது

என் முதல் ஞாயிறு. கீபோர்ட் அண்ணனிடம் "என்ன ஸ்கேல்?" என்றேன். "சி" என்றார். முதல் சரணம் முழுக்க நான் சி-யில் வாசித்தேன், சபையே டி-யில் பாடியது. அவர் விரல் வைத்தது சி-யில்தான், ஆனால் வாசிக்கும் இடத்தை மாற்றாமலே ஸ்ருதியை ஏற்றி இறக்கும் ட்ரான்ஸ்போஸ் பட்டனில் +2 போட்டிருந்தார். பேஸில் அந்தப் பட்டன் கிடையாது.

அதனால் "என்ன ஸ்கேல்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "ட்ரான்ஸ்போஸ் எவ்வளவு?" என்றும் கேளுங்கள். ஓர் எண் ஒரு ஃப்ரெட். +2 என்றால் அவர் சொன்ன இடத்திலிருந்து இரண்டு ஃப்ரெட் மேலே. -3 என்றால் மூன்று கீழே, அதாவது அவருடைய சி உங்களுக்கு ஏ.

இதைவிடக் கஷ்டம், ஜெபம் முடிந்த கையோடு பாடகர் தன் இஷ்டத்துக்கு ஒரு பாட்டை எடுத்துவிடுவது. அப்போது சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, பல்லவி எந்த ஸ்வரத்தில் வந்து உட்காருகிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் அதுதான் 'ச'. ஈ கம்பியில் மெதுவாகத் தடவி அதைக் கண்டுபிடியுங்கள். முதல் பல்லவியை வாசிக்காமல் விட்டாலும் ஒன்றும் கெட்டுவிடாது. கண்டுபிடித்ததும் வடிவத்தை அங்கே நகர்த்திவிட்டு உள்ளே வாருங்கள்.

5. டிரம்ஸ் பக்கத்தில் நில்லுங்கள்

டிரம்மரின் வலது காலைப் பாருங்கள். கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) விழும் இடத்தில் உங்கள் ஸ்வரம் விழ வேண்டும். 4/4 பாட்டில் முதல் தட்டும் மூன்றாம் தட்டும் போதும். 6/8 என்றால் 'தகிட தகிட' என்று வாய்க்குள் சொல்லி, ஒவ்வொரு 'த'வுக்கும் ஒரு மீட்டு. அலங்காரமெல்லாம் ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம்.

கீபோர்ட்காரரின் இடது கையும் கீழ் ஸ்தாயியில் ஓடினால் இருவரும் முட்டிக்கொள்வீர்கள். "அண்ணா, இடது கையைக் கொஞ்சம் மேலே எடுத்துக்கறீங்களா?" என்று சனிக்கிழமை பிராக்டிஸில் டீ குடிக்கும்போது கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை சபை நடுவில் வேண்டாம்!

6. பாமாலை வந்தால்

மேலே சொன்ன வழி பாமாலையில் (மேற்கத்திய மெட்டில் பாடும் தமிழ்ப் பாடல்கள்) பாதி வேலை செய்யாது. பல ராகங்களில் தட்டுக்குத் தட்டு கார்டு மாறும். கொயரில் நான்கு குரல் நொட்டேஷன் புத்தகம் இருந்தால் கேட்டு வாங்கி, அடிவரியில் இருக்கும் பேஸ் குரலை அப்படியே வாசியுங்கள். பேஸ் கிட்டார் எழுதியதற்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பதால், ஆண்கள் பாடுவதற்கு அடியில் அது அழகாக அமரும். வரி முடிவில் இழுத்து நிற்பார்கள், அங்கே கொயர் மாஸ்டரின் கையைப் பாருங்கள். நம் ராக தாளத்தில் அமைந்த கீர்த்தனைக்கு நேர்மாறு: 'ச'வையும் 'ப'வையும் வைத்துத் தாளத்தோடு போனாலே நிறைவாக இருக்கும்.

7. சத்தம்

சின்ன கிட்டார் ஆம்பில் பேஸைச் சொருகிச் சத்தமாக வைத்தால் ஸ்பீக்கர் போய்விடும். பேஸ் ஆம்ப் இல்லையென்றால் டிஐ பாக்ஸ் (கருவியின் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் சின்னப் பெட்டி) வழியாக மிக்ஸருக்குக் கொடுங்கள். பழைய கல் ஆலயங்களில் அடிச்சத்தம் உருண்டுகொண்டே இருக்கும். அங்கே பேஸ் குமிழைக் குறைத்து மிட் (நடு ஒலி) குமிழைச் சற்று ஏற்றுங்கள். கடைசி வரிசையில் ஒருவரை உட்கார வைத்துக் கேட்டுச் சொல்லச் சொன்னால் இன்னும் நல்லது, மேடையில் கேட்பதை நம்ப முடியாது. ஜெப நேரத்தில் கீபோர்ட் மட்டும் ஓடட்டும், நீங்கள் கையை எடுத்துவிடுங்கள்.

ஆராதனை முடிந்ததும் உலர்ந்த துணியால் ஒவ்வொரு கம்பியையும் துடைத்த பிறகே உறையில் போடுங்கள். மழை மாதங்களில் இங்கே நனைந்த குடையே இரண்டு நாள் காய்வதில்லை. புதுக் கம்பி ஒரு செட் வாங்க மேட்டுப்பாளையம் வழியாகக் கோவை வரை இறங்கிய அனுபவம் எனக்கு உண்டு.