கத்திரி வெயிலும் தனியே இருக்கும் ஆச்சியும்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்துப் பெரிய வீடுகள் பலவற்றில் இன்று ஆச்சியும் ஐயாவும் மட்டுமே. பிள்ளைகள் வெளியூரில். கத்திரியில் அவர்களுக்கு முதல் ஆபத்து, வயதானால் தாகம் சரியாகத் தெரியாது என்பதுதான். "தாகம் எடுத்தா குடிங்க" என்று சொல்லிப் பயனில்லை. காலை எட்டு மணி முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர், 200 மில்லி, என்று கணக்கு வையுங்கள். இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு மட்டும் மருத்துவர் சொன்ன அளவு. சிறுநீர் அதிகம் போக மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கோடைக்கு முன்பே அளவை மாற்ற வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்; தாமாக நிறுத்தக் கூடாது.

மோருக்கு ஒரு பங்கு தயிர், மூன்று பங்கு தண்ணீர், சிட்டிகை உப்பு. வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால் ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல். ஒரு லிட்டர் பாக்கெட்டை முழுசாக ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். பாதியை டம்ளரில் கொட்டிக் கலக்கினால் உப்பு மிஞ்சி, இருக்கிற நீரும் போகும். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. மறுநாள் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

சன்னல்களை ஒன்பது மணிக்குள் சாத்தி, வெளிக்காற்று குளிர்ந்த பிறகு திறவுங்கள். மாடி அறை வேண்டாம். பகலில் கீழே, ஆத்தங்குடிக்கல் தரையுள்ள அறையில் தாழ்வான கட்டில் போதும். அனல் காற்றில் ஃபேன் மட்டும் உதவாது. கை, கழுத்து, முகத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஃபேன் போட்டால்தான் உடம்பு குளிரும்.

பிற்பகல் இரண்டு மணிக்குப் போன் செய்யுங்கள். "நல்லா இருக்கீங்களா?" என்றால் "இருக்கேன்" என்றே பதில் வரும். "காலையில் என்ன பலகாரம்?" என்று கேளுங்கள். பேச்சு குழறினால், சம்பந்தமில்லாமல் பேசினால், பக்கத்து வீட்டாரை உடனே அனுப்புங்கள். உடம்பு கொதித்தால் வியர்வை இருந்தாலும் அது வெப்ப வாதமாக (ஹீட் ஸ்ட்ரோக்) இருக்கலாம். 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸ் வையுங்கள். மயக்கத்தில் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும். காய்ச்சல் மாத்திரை இதற்குக் கேட்காது.

இன்னொன்று. முகப்பின் தேக்குக் கதவை உள்ளே தாழிட்டால் வெளியிலிருந்து அசைக்க முடியாது. பின்கட்டுக் கதவின் சாவி ஒன்று பக்கத்து வீட்டில் இருக்கட்டும். பகலில் அந்தக் கதவுக்கு உள்தாழ் வேண்டாம்.