முதலில் முன்னால் வாருங்கள், அப்புறம் சொல்லுங்கள்

ஸ்பைனா பிஃபிடா (கருவிலேயே முதுகெலும்பு முழுதாக மூடாமல் போகும் பிறவிக் குறை) உள்ள குழந்தையிடம் ஒரு வேலை சொல்லும் முன் அதன் முன்னால் போய் நின்று, தோளைத் தொட்டு, கண் உங்கள் பக்கம் திரும்பும்வரை காத்திருந்து, அப்புறம் ஒரே ஒரு வேலையை மட்டும் சொல்லுங்கள். காலைத் தொட்டுக் கூப்பிட வேண்டாம், அங்கே உணர்ச்சி குறைவாக இருக்கலாம். எதிரே இருக்கும் பொம்மையையோ புத்தகத்தையோ மூடி வைத்துவிட்டால் இன்னும் சுலபம்.

இந்தக் குறையால் தண்டுவடம் வெளியே பிதுங்கிய நிலையில் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் கியாரி 2 என்னும் மூளை அமைப்பு மாற்றமும், பலருக்கு ஹைட்ரோகெஃபாலஸ் என்னும், மூளைக்குள் நீர் தேங்கும் நிலையும் சேர்ந்தே வரும். கவனத்தை ஒன்றிலிருந்து விடுவித்து இன்னொன்றுக்குத் திருப்புவதில் பங்குள்ள நடுமூளையும் இதில் மாறியிருப்பதால், துறுதுறுப்பைவிட இந்தத் 'திரும்புதல்' தாமதம்தான் இவர்களிடம் அதிகம் தெரியும். நாம் அதைப் பிடிவாதம் என்று நினைத்துக் கத்துகிறோம் (நானும்தான்). திரும்பிய பிறகு கவனம் ஓரளவு நன்றாகவே நிற்கும்.

தண்டுவடம் பாதிக்காத, வெளியே தெரியாத அக்கல்ட்டா வகைக்கு இந்த விளக்கம் பொருந்தாது, அதில் மூளை பொதுவாக மாறுவதில்லை. சரி, முக்கியமானது இது: ஷண்ட் (மூளையில் தேங்கும் நீரை வடிக்கும் குழாய்) வைத்த குழந்தை திடீரென்று வழக்கத்தைவிட மந்தமானால், கூடவே தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம் இருந்தால், உத்தி எதையும் முயன்றுகொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், ஷண்ட் அடைத்திருக்கலாம். தோளைத் தொட்டும் பதிலில்லாமல் வெறித்துப் பார்ப்பது அடிக்கடி நடந்தால் அது வலிப்பாகவும் இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.