பூனை வெளியே ஓடிவிட்டதா? முதலில் கூப்பாட்டை நிறுத்துங்கள்

சுண்டல் வெளியே ஓடியது ஒரு சனிக்கிழமை காலை. தண்ணீர் கேன் போட வந்த தம்பி, காலி கேனுக்காகக் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். நான் உள்ளே சில்லறை தேடிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் படிக்கட்டுத் திருப்பத்தில் செம்பட்டை நிறத்தில் ஒரு வால் மறைகிறது, அவ்வளவுதான். மூன்று வயதுப் பூனை. குட்டியாக எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து பால்கனி வலையைத் தாண்டி ஓர் அடி எடுத்து வைத்ததில்லை.

அவளைத் திரும்ப உள்ளே கொண்டுவர ஆறு இரவுகள் ஆயின. ஒரே இரவில் முடிந்திருக்க வேண்டிய வேலை. மீதி ஐந்தும் என் தவறுகளுக்குக் கொடுத்த விலை. திருவிழாவில் தொலைந்த குழந்தையைத் தேடுவதுபோல் அவளைத் தேடினேன். பெயரைச் சொல்லிக் கத்தினேன், தெருத்தெருவாக அலைந்தேன், கண்டதும் பாய்ந்து பிடிக்கப் பார்த்தேன். குழந்தை நம்மைத் தேடி அழும். வீட்டிலேயே வளர்ந்த பூனை அழாது. வாயை இறுக மூடிக்கொண்டு, கிடைத்த இடுக்கில் உடம்பைச் சுருட்டிக்கொள்ளும். இது புரிந்திருந்தால் பாதித் தவறுகளைச் செய்திருக்க மாட்டேன்.

பதில் வராததால் அங்கே இல்லை என்று நினைப்பது

ஜப்பானிய ஆய்வாளர்கள் 2013-ல் ஒரு சோதனை செய்தார்கள். வீட்டுப் பூனைகளுக்கு அவற்றின் பெயரை அந்நியர்கள் கூப்பிடுவதையும் வளர்ப்பவர் கூப்பிடுவதையும் பதிவு செய்து போட்டுக் காட்டினார்கள். வளர்ப்பவரின் குரலைப் பூனைகள் அடையாளம் கண்டுகொண்டன. காதைத் திருப்பின, தலையை அசைத்தன. ஆனால் பெரும்பாலானவை எழுந்து வரவில்லை, குரல் கொடுக்கவும் இல்லை. சொந்த வீட்டில், சோஃபாவின் மேல் படுத்திருக்கும்போதே அந்த லட்சணம். நாய் குரைக்கிற, லாரி ஹார்ன் அடிக்கிற இடத்தில் அது "மியாவ்" என்று பதில் சொல்லும் என்று எப்படி எதிர்பார்ப்பது?

முதல் நாள் மாலை நான், என் அண்ணன், எதிர்வீட்டுப் பிள்ளைகள் நால்வர் என்று ஒரு பட்டாளமே "சுண்டல்! சுண்டல்!" என்று தெருவில் கத்திக்கொண்டு போனோம். ஒரு வண்டிக்காரர் நின்று, "எவ்வளவு வேணும்?" என்று கேட்டார். இப்போது சிரிப்பாக இருக்கிறது. அன்றைக்கு எங்கள் ஆறு பேரின் சத்தத்தைக் கேட்டு அவள் இன்னும் உள்ளே நகர்ந்திருப்பாள் என்பதுதான் உண்மை.

கூப்பிடவே கூடாது என்பதில்லை. வீட்டில் அவளிடம் எந்தக் குரலில் பேசுவீர்களோ அதே குரலில், ஒருவர் மட்டும், ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசலாம். தீனி டப்பாவைக் குலுக்கலாம். பதற்றத்தில் நம் குரல் மாறிவிடுகிறது என்பது நமக்குத் தெரிவதில்லை, பூனைக்குத் தெரிகிறது.

தூரத்தில் தேடுவது

எங்கள் வாட்ச்மேன் அண்ணன் முதல் நாளே சொன்னார்: "எங்கயும் போயிருக்காதும்மா. இங்கதான் எங்கயாவது பம்மிக்கிட்டு இருக்கும்." நான் கேட்கவில்லை. மூன்று நாள் பக்கத்துத் தெரு, மீன் மார்க்கெட், பார்க் என்று சுற்றினேன்.

அவர் சொன்னதைத்தான் 2018-ல் வெளியான ஓர் ஆய்வும் சொல்கிறது. காணாமல் போன பூனைகளை வளர்த்தவர்கள் 1,210 பேரிடம் விவரம் கேட்டுச் செய்த ஆய்வு அது. கிடைத்த பூனைகளில் பாதி, தப்பிய இடத்திலிருந்து 50 மீட்டருக்குள்ளேயே இருந்தன. முக்கால்வாசி 500 மீட்டருக்குள். வீட்டைவிட்டு வெளியே போகாத பூனைகள், வெளியே போய்ப் பழகியவற்றைவிடக் குறைந்த தூரமே போயிருந்தன. 50 மீட்டர் என்றால் என்ன? எங்கள் அபார்ட்மென்ட்டின் முன் கேட்டிலிருந்து பின்சுவர் வரைகூட வராது.

ஆகவே தேட வேண்டியது தெருவில் இல்லை, கட்டடத்தைச் சுற்றியுள்ள மறைவுகளில். படிக்கட்டின் அடி, மீட்டர் ரூம், ஜெனரேட்டரின் பின்பக்கம், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் அடி, ஏசி வெளி யூனிட்டுக்கும் சுவருக்கும் நடுவே, யாரும் எடுக்காத பழைய சைக்கிள்களின் பின்னால். காரின் பானெட்டுக்குள்ளும் ஏறிக்கொள்ளும். வண்டி எடுப்பவர்களிடம் பானெட்டை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். பால்கனியிலிருந்து விழுந்த பூனை என்றால், விழுந்த இடத்துக்கு நேர் கீழே உள்ள முதல் மறைவிலிருந்து தொடங்குங்கள். அடிபட்டிருந்தால் அதற்கு மேல் போக அதற்குத் தெம்பு இருக்காது.

இதில் இன்னொரு தவறு, பக்கத்து வீட்டாரைக் கேட்டுவிட்டு வந்துவிடுவது. "எங்க வீட்ல இல்லையே" என்பார்கள், நல்ல மனதோடுதான் சொல்வார்கள். ஆனால் அவர்கள் பூனையைத் தேடிவிட்டுச் சொல்வதில்லை, கண்ணில் படவில்லை என்பதைத்தான் சொல்கிறார்கள். அனுமதி கேட்டு நீங்களே குனிந்து பாருங்கள். பூட்டிக் கிடக்கும் ஸ்டோர் ரூம்களைத் திறக்கச் சொல்லுங்கள். சனிக்கிழமை உள்ளே புகுந்த பூனை, அடுத்த சனிக்கிழமை வரை பூட்டிய அறைக்குள் தண்ணீர்கூட இல்லாமல் கிடக்கலாம்.

பகலில் தேடிவிட்டு இரவில் தூங்குவது

பூனை நகரத் துணிவது சந்தடி அடங்கிய பிறகுதான். ஊரில் இரவு இரண்டு மணிக்கும் விடியலுக்கும் இடையில். நல்ல டார்ச் ஒன்றை உங்கள் கண் மட்டத்தில், கன்னத்தை ஒட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். இடுப்பருகே பிடித்தால் பயனில்லை. பூனைக் கண்ணின் பின்பக்கம் கண்ணாடிபோல் ஒரு படலம் இருக்கிறது. அது வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும். உங்கள் கண்ணும் டார்ச்சும் ஒரே கோட்டில் இருந்தால்தான் அந்தப் பச்சை மின்னல் உங்களுக்குத் தெரியும். பகலிலும் இருட்டு மூலைகளில் இதே வித்தை வேலை செய்யும்.

நான்காம் இரவு மூன்றரை மணிக்கு அப்படித்தான் பார்த்தேன். தரைத்தளப் படிக்கட்டின் அடியில், காலி பெயின்ட் வாளிகளுக்குப் பின்னால், இரண்டு பச்சைப் பொட்டுகள். எங்கள் வாசலிலிருந்து 38 படிகள். நான்கு நாளும் ஒரு நாளைக்குப் பத்து முறை அந்த வாளிகளைத் தாண்டித்தான் தேடப் போயிருக்கிறேன்.

கைக்கெட்டியதும் பாய்வது

என் தவறுகளில் இதுதான் ஆகப் பெரியது. வறுத்த நெத்திலிக் கருவாட்டைக் காகிதத்தில் வைத்து முன்னால் தள்ளினேன். ஐந்து நிமிடம் அசைவே இல்லை. அப்புறம் மூக்கு தெரிந்தது, மீசை தெரிந்தது, மண் ஒட்டிய முன்னங்கால் ஒன்று. கழுத்தை நீட்டி ஒரு நெத்திலியைக் கவ்வினாள். ஒரு முழ தூரம்தான். எட்டிப் பிடித்தேன். கையில் கிடைத்தது முதுகுத் தோல், அதுவும் அரை நொடி. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை மூன்று கோடு இழுத்துவிட்டு, பக்கத்துக் காம்பவுண்டுச் சுவர் ஏறிப் போய்விட்டாள்.

சூடு கண்ட பூனை அடுப்படியில் சேராது என்பார்கள். அடுத்த இரவு முழுக்க அதைக் கண்ணால் பார்த்தேன். அவள் சுவரின் மேல் வந்து உட்காருவாள், என்னைப் பார்ப்பாள், நான் அரை அடி நகர்ந்தால் மறுபக்கம் குதித்துவிடுவாள்.

நீங்கள் அதை வளர்த்தவர்தான். ஆனால் பயத்தில் இருக்கும் பூனைக்கு அந்த நேரத்தில் உங்கள் முகம் நினைவுக்கு வராது, நீட்டிய கைதான் தெரியும். தரையில் உட்காருங்கள், பக்கவாட்டாகத் திரும்பி. நேருக்கு நேர் முறைக்காதீர்கள். கண்ணைப் பாதி மூடி மெல்லத் திறந்து, மறுபடி மூடுங்கள். இது பாட்டி வைத்தியம் இல்லை. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020-ல் சோதித்துப் பார்த்து, அப்படி மெதுவாக இமைத்தவரை நோக்கிப் பூனைகள் கூடுதலாக வந்ததைக் கண்டார்கள். தானாக வந்து உங்கள் காலில் உரசி, தலையை முட்டும் வரை பிடிக்கும் எண்ணமே வேண்டாம்.

இன்னும் நல்லது, பிடிக்காமலே உள்ளே வரவைப்பது. தரைத்தள வீடு என்றால் சுலபம். கதவைத் திறந்து வைத்து, தீனியைச் சிறு சிறு துணுக்காக வாசலுக்கு வெளியிலிருந்து அறையின் கடைசி மூலை வரை போட்டுக்கொண்டே போங்கள். கதவுக் கைப்பிடியில் ஒரு கயிறு கட்டி, தள்ளி உட்கார்ந்துகொள்ளுங்கள். தலை நுழைந்ததும் இழுத்துவிடாதீர்கள். வால் முழுக்க உள்ளே போய், மூலையில் இருக்கும் கிண்ணத்தில் அது வாய் வைத்த பிறகு இழுங்கள்.

பாயும் கைகள் உங்களுடையவையாக மட்டும் இருக்காது. அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் படம் போடும்போது "பார்த்தால் பிடித்து வையுங்கள்" என்று எழுதாதீர்கள். "துரத்தாதீர்கள், போட்டோ எடுத்து உடனே எனக்கு அனுப்புங்கள்" என்று எழுதுங்கள். ஏதாவது ஓர் அடையாளத்தை மட்டும் வெளியில் சொல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். சுண்டலுக்கு இடது பின்னங்காலில் ஒரு விரல் மட்டும் வெள்ளை. பூனை தன்னிடம் இருப்பதாகவும் முன்பணம் அனுப்பினால் கொண்டு வருவதாகவும் பேசிய ஒருவர், அந்த அடையாளத்தைக் கேட்டதும் போனை வைத்துவிட்டார்.

என் கையில் விழுந்த கீறலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வீட்டுப் பூனைதானே என்று மஞ்சள் தடவிவிட்டு இருந்துவிடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். நான்கு நாள் வெளியே இருந்த பூனை எதனிடம் கடிபட்டது என்று உங்களுக்குத் தெரியாது.

பால் வைப்பது, மண் தட்டு வைப்பது, மாத்திரை வைப்பது

ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். பாலின் வாசனை தூரம்வரை எட்டாது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது செரிக்காமல் வயிற்றையும் போக்கும். மத்தி மீன், சூரை மீன் டின், வறுத்த கருவாடு, இவைதான் மணம் வீசும். கருவாட்டில் உப்பு அதிகம், எனவே வாசனைக்குக் கொஞ்சம் போதும்.

அதற்காகக் கிண்ணம் நிறைய வைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். நான் இரண்டாம் இரவு வைத்த மீனை ஒரு பெருச்சாளியும் தெருவின் கடுவன் பூனை ஒன்றும் பங்கு போட்டுத் தின்றதை மறுநாள் சிசிடிவியில் பார்த்தேன். அந்தக் கடுவன் நிற்கும் இடத்துக்கு நம் வீட்டுச் செல்லம் வராது. நீங்கள் காவல் இருக்கும் நேரத்தில் மட்டும் வையுங்கள், தினமும் ஒரே நேரத்தில்.

கழிவு மண் தட்டை வாசலில் வைத்தால் வாசனை பிடித்து வந்துவிடும் என்றும் சொல்வார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. அந்த வாசனை தெருப் பூனைகளையும் வம்புக்கு இழுக்கும். பூனை படுத்த துணியோ, நீங்கள் உடுத்திய துவைக்காத துணியோ போதும்.

தூக்க மாத்திரை, காய்ச்சல் மாத்திரை கலந்து வைக்கச் சொல்பவர் யாராக இருந்தாலும் கேட்காதீர்கள். பாரசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். எதற்கும் வசப்படவில்லை என்றால், விலங்கு நல அமைப்புகளிடம் உயிரோடு பிடிக்கும் கூண்டு இருக்கும், கேட்டு வாங்கலாம். கூண்டை வெயிலில் வைக்கக் கூடாது, ஆள் பார்வை இல்லாமல் விடக் கூடாது, பூனை சிக்கியதும் மேலே துணியைப் போர்த்திவிட வேண்டும்.

"மைக்ரோசிப் போட்டிருக்கிறோமே, எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாமே" என்று ஒரு தோழி கேட்டாள். அதில் இருப்பது 15 இலக்க எண் மட்டும். கருவியை உடம்பருகே வைத்துப் படித்தால்தான் அதுவும் தெரியும்.

மூன்று நாளில் கைவிடுவது

அதே 2018 ஆய்வில், ஒரு வாரத்துக்குள் கிடைத்தவை மூன்றில் ஒரு பங்கு. ஓராண்டுக்குள் 61 சதவீதம். அதாவது முதல் வாரம் கடந்து கிடைத்தவையும் நான்கில் ஒரு பங்குக்கு மேல். இறங்கிக் குனிந்து தேடினால் பூனை உயிரோடு கிடைக்கும் வாய்ப்பு கூடலாம் என்றும் அந்த ஆய்வு சொல்கிறது.

ஆறாம் இரவு நான் எதுவும் செய்யவில்லை. படிக்கட்டில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, பக்கத்தில் ஒரு மீன் துண்டையும் என் பழைய நைட்டியையும் போட்டுவிட்டு, மெல்லிய குரலில் மளிகைச் சாமான் பட்டியலைச் சொல்லிக்கொண்டிருந்தேன். வேறு என்ன பேசுவது என்று தெரியவில்லை. துவரம்பருப்பு அரை கிலோ என்று சொன்னபோது முழங்காலில் ஈரமாக ஏதோ பட்டது. மூக்கு. மடியில் ஏறிப் படுக்கும் வரை கையை அசைக்கவில்லை. அப்புறம் நைட்டியோடு சேர்த்து அள்ளிக்கொண்டு 38 படி ஏறினேன்.

உள்ளே வந்த பிறகும் ஒரு தவறு செய்தேன். அழுக்காக இருக்கிறாளே என்று குளிப்பாட்டத் தூக்கினேன். அவள் கட்டிலுக்கு அடியில் போனவள் மறுநாள் மதியம்தான் வந்தாள். கடலை, எங்கள் இன்னொரு பூனை, வெளி வாசனையோடு வந்தவளை யாரோ என்று நினைத்து இரண்டு நாள் சீறிக்கொண்டே இருந்தான். தனி அறை, தண்ணீர், கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு, அவ்வளவுதான் அன்றைக்கு வேண்டியது. மறுநாள் கால்நடை மருத்துவர் தேவை. கடிபட்ட இடம் மேலே மூடிக்கொண்டு சில நாள் கழித்துத்தான் சீழ் கட்டும். கொழுத்த பூனை சில நாள் பட்டினி கிடந்தால் கல்லீரல் கெட்டுவிடும் என்பதால் சாப்பிடவில்லை என்றால் காத்திருக்கவே கூடாது.

தண்ணீர் கேன் தம்பி இப்போதெல்லாம் காலிங் பெல்லை அடிப்பதில்லை. கீழே நின்று போன் செய்கிறார். "அக்கா, பூனையை ரூம்ல போட்டுட்டீங்களா? மேல வரட்டுமா?"